எலுமிச்சை தவிர்க்கவும்

காலை ஐந்தே காலுக்கு எழுவேன். முதல் வேலை பால். ஆரே பால் நிலையம் தெருமுனையில் இருக்கிறது. இரண்டு காலிப் பாட்டில்களைக் கொடுத்தால் இரண்டு நிறைந்த பாட்டில்கள் கிடைக்கும். என் அட்டையில் இரண்டு என்று போட்டிருக்கிறது. அதை ஒன்றாகக் குறைக்க மனு எழுத வேண்டும். மனுவில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. மனுத்தாளை வாங்கி மூன்று மாதமாகிறது. அலமாரியில் இருக்கிறது. அதனால் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் காப்பி போடுவேன். மற்றதை வங்கிக்கு எடுத்துப்போவேன். அங்கே எல்லோரும் அதில் டீ குடிப்பார்கள்.

குளித்து, சட்டையை இஸ்திரி போடாமல் மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் நிற்கும் தையல் மெஷினைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வருவேன். அறை சிறியது. எங்கே போனாலும் மெஷினைச் சுற்றித்தான் போகவேண்டும். எட்டே முக்காலுக்குப் பூட்டு. மாதுங்கா மார்க்கெட்டைத் தாண்டினால் வங்கி. ஒன்பதுக்குப் பேரேடு.

என் பெயர் பிரம்மநாயகம். வயது இருபத்தெட்டு. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. என் மனைவி உலகம்மை ஜூலையில் இறந்துபோனாள். நான் சொல்லப்போவது அக்டோபரில் நடந்தது. வருஷம் அறுபத்து நான்கு.

எங்களுடையது சின்னக் கூட்டுறவு வங்கி. மாதுங்கா கிளையில் ஏழு பேர், ஒரு துப்பாக்கி. ஒற்றைக்குழல் துப்பாக்கி. அதற்கு ஆறு தோட்டாக்கள். அவை மானேஜரின் பெட்டகத்தில் இருந்தன. திருடன் வந்தால் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

துப்பாக்கியை வைத்திருந்தவர் பூதத்தான். ஐம்பத்தொரு வயது, ஆறடி, காதைத் தொடும் மீசை. மெட்ராஸ் ரெஜிமெண்டில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். தாராவியில் அவர் சந்தில் யாரைக் கேட்டாலும் அவர் பர்மாவில் எத்தனை ஜப்பான்காரர்களைச் சுட்டார் என்று சொல்வார்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். குறைந்தது மட்டும் கிடையாது.

ஆயுத பூஜையன்று மானேஜர் கிட்டு சார் பட்டு வேஷ்டியில் வந்தார். மாதுங்காவிலேயே பிறந்தவர், ஆனாலும் இந்தி வராது. பூஜை விஷயத்தில் யாரையும் நம்பமாட்டார்.

"துப்பாக்கிதானேய்யா நிஜமான ஆயுதம். அதுக்குத்தான் முதல் மரியாதை. டைப்ரைட்டரெல்லாம் அப்புறம்."

துப்பாக்கியை மனைப்பலகையில் நிமிர்த்திச் சுவரில் சாத்தினார்கள். பூதத்தான் சந்தனத்தைக் குழைத்துக் குழலின் நடுவில் மூன்று விரலால் பட்டையாக இழுத்தார். தடிமனாக. நடுவில் குங்குமம். கிட்டு சார் தள்ளி நின்று பார்த்தார். ஏதோ குறைகிறது என்றார். ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துத் துப்பாக்கியின் வாயில் வைத்து அழுத்தித் திருகினார்.

"சூலத்துல குத்தறதில்லையா? அது மாதிரி."

பழம் நன்றாக உட்கார்ந்தது. சாறு குழலுக்குள் இறங்கியது.

"சார், உள்ளே போகுது," என்றேன்.

"போகட்டுமேய்யா. உள்ளேயும் திருஷ்டி இருக்கும்."

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை செய்யும்வரை தொடக்கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்தது. மறுநாள் காலை கிட்டு சாருக்கு ஃப்ளூ. பக்கத்து வீட்டு டெலிபோனில் கூப்பிட்டு, "நான் வந்துதான் மறுபூஜை. அதுவரைக்கும் ஒண்ணையும் தொடப்படாது," என்றார். மத்தியானம் தலைமை அலுவலகம் ஒரு கணக்கைத் தட்டச்சில் கேட்டது. கிட்டு சார் டெலிபோனிலேயே டைப்ரைட்டருக்கு விலக்கு அளித்தார். பிறகு பேரேடுகளுக்கு. பிறகு நாற்காலிகளுக்கு. துப்பாக்கியை யாரும் உபயோகிக்கவில்லை என்பதால் அதற்கு யாரும் விலக்குக் கேட்கவில்லை.

எட்டு நாள் அது அப்படியே நின்றது. வங்கியின் பின்னறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், பம்பாய்ப் புழுக்கத்தில். பூதத்தான் எட்டு நாளும் வாசலில் ஒட்டடைக் கம்புடன் காவல் நின்றார். திருடர்கள் வரவில்லை. அவர்களும் பூஜை போட்டிருக்கலாம்.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை. கிட்டு சார் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்து மறுபூஜையை இரண்டு நிமிஷத்தில் முடித்தார். பூதத்தான் எலுமிச்சையைப் பிடுங்கினார். அது பிடுங்க வரவில்லை. பாதியாகக் கிழிந்து வந்தது. மிச்சத்தைக் கத்தியால் சுரண்டினார். பிறகு ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தார்.

சந்தனம் போயிற்று. பட்டை போகவில்லை.

மூன்று கோடுகள், செங்கல் நிறத்தில், நடுவில் ஒரு பொட்டு. குழலில் அச்சு அடித்ததுபோல் இருந்தது. பூதத்தான் மறுபடி துடைத்தார். மறுபடி பட்டை. துப்பாக்கி சைவ சமயத்தில் சேர்ந்துவிட்டது.

"துருவா?" என்றார் கிட்டு சார்.

"துருதான் சார்."

"சந்தனத்துலயா?"

"சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. எலுமிச்சையில் அமிலம் இருக்கிறது."

"அமிலமா? பூஜைப் பழத்துலயா?" என்று கேட்டவர் வாயை மூடிக்கொண்டார். பழத்தைத் திருகியது யார் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அன்றைய தபாலில்தான் அந்தக் கடிதமும் வந்தது. கிளைகளின் துப்பாக்கிகளைப் பரிசோதிக்கத் தலைமை அலுவலகம் ஓர் அதிகாரியை நியமித்திருந்தது. ஓய்வு பெற்ற சுபேதார் மேஜர் கோர்படே. வியாழக்கிழமை மாதுங்கா. கடிதத்தின் அடியில் ஒரு வரி: வேறொரு கிளையில் குழலில் துரு காணப்பட்டதால் காவலாளி அன்றே நீக்கப்பட்டார்.

கிட்டு சார் அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். பூதத்தான் மீசையைத் தொட்டார்.

"கவலப்படாதீய சார். நாளைக்குக் காலையில பாருங்க. கண்ணாடி மாதிரி இருக்கும். பட்டாளத்துல இருந்தவன் நானு."

செவ்வாய்க்கிழமை காலை பால் பாட்டிலோடு உள்ளே நுழைந்தபோது பின்னறையில் புளி வாசனை அடித்தது. பூதத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சட்டியில் புளிக்கரைசல், செங்கல்பொடி, தேங்காய்நார். துரு போயிருந்தது. கூடவே அந்த இடத்தில் குழலின் கருநீலப் பூச்சும் போயிருந்தது. பட்டை இருந்த இடத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள் பளபளத்தன. நேற்றுப் பத்தடியில் தெரிந்தது இன்று தெருவிலிருந்தே தெரிந்தது.

"பட்டாளத்தில் துப்பாக்கியைப் புளி போட்டா விளக்கினீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் தேங்காய்நாரைச் சட்டியில் போட்டார். வாசல் பக்கம் பார்த்தார்.

"சார், உங்ககிட்டச் சொன்னா வெளிய போவாதுல்லா?"

"போகாது."

"நா லங்கர்ல இருந்தேன்."

லங்கர் என்றால் பட்டாளத்துச் சமையல்கட்டு.

"பன்னிரண்டு வருஷமுமா?"

"பன்னிரண்டு வருசமும். எரநூறு பேருக்கு ரொட்டி, பருப்பு. பர்மாவுக்குப் போனேன், பொய்யில்ல. அங்கயும் பருப்புதான். துப்பாக்கியத் தூரத்துல இருந்து பாத்திருக்கேன். இந்த வேலைக்கு வந்தப்போ 'எக்ஸ் ஆர்மி'ன்னு போட்டிருந்தான். நா எக்ஸ் ஆர்மிதான? எந்தப் பக்கம்னு அவனும் கேக்கல, நானும் சொல்லல."

"சுட்டதே இல்லையா?"

"ரொட்டி சுட்டிருக்கேன்."

அதைச் சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை.

"சார், இந்த உடுப்புப் போச்சுன்னா எங்க வீட்டுல பேராச்சி இட்லி யாவாரம் பண்ணுதா பாத்தியளா, அதுல என்ன மாவாட்ட உக்கார வச்சிருவா. கரண்டியக் கீழ போட்டு ஒம்பது வருசமாச்சு சார். திரும்ப எடுக்க மாட்டேன். பர்மாவுல ஜப்பான்காரன் குண்டு போட்டான், அப்பக்கூட கையில கரண்டிதான் இருந்துச்சு. அதோட செத்திருந்தா என்ன பேரு வச்சிருப்பான்? சொல்லுங்க."

கிட்டு சார் வந்து பார்த்தார். மஃப்ளரை அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

"நாயகம், நீர் கெமிஸ்ட்ரிதானேய்யா?"

"ஆமாம் சார்."

"அப்ப இது உம்ம டிபார்ட்மெண்ட்."

கல்லூரியை விட்டு ஏழு வருஷம். அதன்பிறகு ரசாயனத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. உலகம்மை ஒரு தடவை கேட்டாள், சட்டையில் மைக்கறை எதனால் போகும் என்று. எனக்குத் தெரியவில்லை. அவளே எலுமிச்சையும் உப்பும் போட்டு எடுத்துவிட்டாள்.

அந்த ஞாபகத்திலிருந்துதான் வழி கிடைத்தது. மை. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அந்தக் காலத்து மை அப்படித்தான் காய்ச்சினார்கள். துருவின்மேல் கடுக்காய்ச் சாறு பட்டால் துரு கறுப்பாக மாறி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். கடுக்காய்க்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. தாராவியில் தோல் பதனிடும் தொட்டி எல்லாவற்றிலும் அதுதான் ஊறிக்கொண்டிருக்கிறது.

ஒரு சிக்கல். கறுப்பாக்குவதற்குத் துரு வேண்டும். பூதத்தான் துருவைச் சுத்தமாக எடுத்துவிட்டார்.

"இப்ப துரு வேணுமா?" என்றார் கிட்டு சார். "நேத்திக்கு இருந்ததே!"

"ஈரத்துணியைச் சுற்றி வைத்தால் காலைக்குள் வந்துவிடும் சார்."

"வருமா?"

"பம்பாயில் வராமல் இருக்காது."

சாயங்காலம் பூதத்தானோடு தாராவிக்கு நடந்தேன். கையில் காலிப் பால் பாட்டில். மத்தியானம் டீ போட்டு முடிந்த இரண்டாவது பாட்டில். சந்துக்குள் நுழைந்ததும் பூதத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். இரண்டு பேர் அவருக்கு சல்யூட் அடித்தார்கள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

பேராச்சி வாசலில் இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கண் கலங்கியது.

"வாங்கய்யா. உங்க வீட்டம்மா கடைசியாச் சொன்னாகளாமே, 'அடுத்த பொறப்புலயும் உங்களுக்கே வந்து வாச்சுக்கிடுவேன்'னு. அதக் கேட்டு மூணு நா அழுதேன். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, நா சாவும்போது சொல்லுததுக்கு எனக்கு என்ன இருக்கு?"

"ஏட்டி, உள்ள போ," என்றார் பூதத்தான்.

உலகம்மை அப்படிச் சொல்லவில்லை. அது என் மதினி சொன்னது. மதினி திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்ததே மூன்றாம் நாள். வங்கியில் வேறொன்று உலாவியது: 'உங்களைத் தனியா விட்டுட்டுப் போறேனே' என்று அழுதாளாம். பால் நிலையத்துப் பெண்கூட ஒரு தடவை மராட்டியில் ஏதோ கேட்டாள். நான் யாரையும் மறுக்கவில்லை. மறுத்தால், பிறகு என்னதான் சொன்னாள் என்று கேட்பார்கள்.

தோல் கூடம் சலாவுதீனுடையது. பூதத்தானின் ஊர்ப்பக்கத்துக்காரர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் கழியால் கிண்டிக்கொண்டிருந்தார். வாசனை முகத்தில் அடித்தது.

"வாரும் வே பட்டாளம். துப்பாக்கிய எங்க? பூசையில வச்சிட்டேராமே? அதுக்குக் காது குத்துனீரா இல்லியா?"

"வெளயாடாதீரும் வே. சாருக்குக் கடுக்காத் தண்ணி வேணுமாம்."

"எதுக்கு?"

பூதத்தான் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். சலாவுதீன் கழியை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார்.

"அப்போ துப்பாக்கிய ஆட்டுத்தோல் மாதிரி ஊறப்போடப் போறீக."

"ஊறப்போடவில்லை. துணியால் பூசப்போகிறேன்."

"எங்க வாப்பா நாப்பது வருசம் இதுல கைய விட்டாக. நகமெல்லாம் கறுப்பு. இரும்புச் சட்டி எதத் தொட்டாலும் கறுப்பு. இது மருந்துன்னு யாருஞ் சொல்லல. நீங்க காலேஜ்ல படிச்சீகளா இத?"

"இல்லை. காலேஜில் படித்தது வேறு. இது மை."

அவர் தெளிந்த சாறாகப் பார்த்துப் பாட்டிலில் ஊற்றினார். அதற்குள் சந்தில் செய்தி பரவிவிட்டது. ஒருவர் துருவுக்கு விளக்கெண்ணெய் என்றார். ஒருவர் ஆட்டுக்கொழுப்பு என்றார். மதீனா பீவி என்ற கிழவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "தேங்கா எண்ணெயத் தவிர எதையும் தொடாதீங்க," என்றாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தலைமுடிக்கு என்று நினைத்திருக்கலாம்.

புதன்கிழமை காலை பால் நிலையத்தில் ஒரு காலிப் பாட்டில்தான் கொடுத்தேன். ஒரு பாட்டில்தான் கிடைத்தது.

வங்கியில் ஈரத்துணியை அவிழ்த்தோம். பம்பாய்க் காற்று தன் வேலையைச் செய்திருந்தது. மூன்று வெள்ளைக் கோடுகளும் மஞ்சள் கலந்த சிவப்பாகப் பூத்திருந்தன.

"வந்துருச்சு சார்!" என்றார் பூதத்தான். துருவைப் பார்த்து சந்தோஷப்பட்ட ஒரே காவலாளி அவராகத்தான் இருக்கும்.

துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்துத் தடவினேன். ஒன்றும் ஆகவில்லை. கிட்டு சார் பெருமூச்சு விட்டார். ஐந்து நிமிஷத்தில் ஓரங்கள் கறுத்தன. பத்து நிமிஷத்தில் சிவப்பு போய்விட்டது. மறுபடி தடவினேன். காய்ந்தபின் கொதிக்கிற நீரை ஊற்றிக் கழுவித் துடைத்தேன். மூன்றாம் தடவை முடிந்தபோது குழல் முழுவதும் ஒரே கருநீலம். பட்டை எங்கே இருந்தது என்று விரலால் தடவினால்தான் தெரியும்.

"கண்மை மாதிரின்னா இருக்கு," என்றார் கிட்டு சார். "நாயகம், நீர் பேங்க்ல என்னய்யா பண்றீர்?"

குழலின் உட்புறத்துக்குப் பிரம்பு நுனியில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, வாய்ப்பக்கமிருந்து இடித்து இழுத்தோம். துணி சிவப்பாக வந்தது. பிறகு பழுப்பாக. பிறகு வெள்ளையாக. துப்பாக்கியைப் பின்பக்கம் மடித்துத் திறக்க முடியும் என்று எங்கள் மூன்று பேரில் யாருக்கும் தெரியாது.

அடுத்தது எண்ணெய். எண்ணெய் இல்லாவிட்டால் நாளைக் காலைக்குள் மறுபடி துரு. பூதத்தான் டிபன் பையிலிருந்து தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்தார்.

"வேண்டாம். பிசுபிசுக்கும். தூசி ஒட்டும்."

"வேற எங்க சார் போவ இப்போ?"

என் வீட்டில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். மெஷினின் இழுப்பறையைத் திறந்தேன். ஜூலைக்குப் பிறகு திறக்கவில்லை. இரண்டு பாபின், ஒரு கத்தரி, பாதி தைத்த ஜாக்கெட் கை, நீண்ட மூக்குள்ள சின்ன எண்ணெய்த் தகரம். தகரத்தை எடுத்தேன். இழுப்பறையை மூட முடியவில்லை, மரம் உப்பியிருந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

பூதத்தான் அதை வாங்கி, ரசத்துக்குத் தாளிப்பதுபோல் ஊற்றப் போனார். கையைப் பிடித்தேன்.

"இரண்டு சொட்டு."

"ரெண்டு சொட்டா? இம்புட்டு நீளத்துக்கா?"

"இரண்டு சொட்டு விட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும். பிறகு காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் கறை பட்டால் மறுபடி. எண்ணெய் போட்டது தெரியக்கூடாது. ஆனால் இருக்க வேண்டும்."

"இது எந்தப் புஸ்தகத்துல சார் இருக்கு?"

எந்தப் புத்தகத்திலும் இல்லை. உலகம்மை மெஷினுக்கு அப்படித்தான் செய்வாள். எண்ணெய் போட்ட அன்றைக்கு முதல் தையல் எப்போதும் ஒரு வெள்ளைக் கந்தலில்தான். கந்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பிறகுதான் அடுத்தவர் துணியை எடுப்பாள்.

வியாழக்கிழமை காலை பால் நிலையத்துப் பெண் என் இரண்டாவது பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எவ்வளவு கழுவியும் அடியில் கறுப்பு போகவில்லை. எடுக்கமாட்டேன் என்றாள். அட்டையை வாங்கி, இரண்டு என்பதைச் சிவப்புப் பென்சிலால் அடித்து ஒன்று என்று எழுதிக் கொடுத்தாள். காரணம் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு கோர்படே வந்தார். குட்டையான மனிதர். வெள்ளை மீசை. நாற்காலி கொடுத்தோம், உட்காரவில்லை. பூதத்தான் குதிகால் தரையில் அதிர சல்யூட் அடித்தார். கோர்படே துப்பாக்கியை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். குழலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அழுத்தித் துடைத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. மோந்து பார்த்தார்.

"யே கோன்ஸா தேல் ஹை?"

என்ன எண்ணெய் என்கிறார். பூதத்தான் என்னைப் பார்த்தார்.

"சிலாயி மெஷின் கா, சாப்," என்றேன். தையல் மெஷினுடையது.

அவர் புருவத்தை உயர்த்தினார். பிறகு என்ன செய்தார் என்று சரியாகத் தெரியவில்லை, கட்டைவிரலால் எதையோ தள்ளினார். துப்பாக்கி நடுவில் மடிந்தது. கிட்டு சார் "ஐயோ, உடைஞ்சுடுத்து!" என்று எழுந்தே விட்டார்.

மடிந்த இடத்திலிருந்து ஏதோ மேஜைமேல் விழுந்தது. சின்னச் சத்தம். ஒரு தடவை துள்ளி, கிட்டு சாரின் மைக்கூட்டில் மோதி நின்றது.

எலுமிச்சை விதை.

நாங்கள் பிரம்பால் இடித்து இடித்து அடியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தோம். கோர்படே குனிந்து பார்த்தார். இரண்டு விரலால் எடுத்தார்.

"யே க்யா ஹை? கோலி?"

இதுதான் உங்கள் தோட்டாவா என்று கேட்கிறார். பூதத்தானின் மீசை நடுங்கியது. கிட்டு சார் கூரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், எனக்குத் தெரிந்த இந்தியில். பூஜை, சந்தனம், பழம், ஃப்ளூ, எட்டு நாள். புளியையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. பூதத்தான் பக்கம் திரும்பினார்.

"துடைத்துக் காட்டு," என்றார் இந்தியில்.

பூதத்தான் துணியை வாங்கிக் குழலை இடது கையில் அணைத்துப் பிடித்துக்கொண்டு துடைத்தார். வட்டம் வட்டமாக. அடிபிடித்த அண்டாவைத் துடைப்பதுபோல. கோர்படே சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லங்கர் மே கித்னே ஸால்?" சமையல்கட்டில் எத்தனை வருஷம் என்கிறார்.

பூதத்தான் துணியை நிறுத்தினார். கண்ணை மூடினார்.

"பாரா ஸால், சாப்." பன்னிரண்டு வருஷம்.

கிட்டு சார் என் பக்கம் சாய்ந்து, "என்னய்யா கேக்கறார்?" என்றார். "எத்தனை வருஷ சர்வீஸ் என்று," என்றேன்.

கோர்படே விதையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பிறகு சொன்னது, நான் புரிந்துகொண்ட அளவில், இது: நாங்களும் தசராவுக்குத் துப்பாக்கிக்குப் பூப்போடுகிறோம். சாமந்திப்பூ. மரக்கட்டையில் வைப்போம், இரும்பில் வைப்பதில்லை. இந்த ஒரு மாதத்தில் பதினாறு துப்பாக்கிகளைப் பார்த்தேன். சிப்பாய்கள் வைத்திருந்ததில் பதினொன்றில் துரு. சமையல்காரன் வைத்திருந்தது சுத்தம். ஆனால் திறக்கத் தெரியாதவனிடம் துப்பாக்கி கொடுக்க முடியாது.

பூதத்தானை எதிரில் நிறுத்தித் துப்பாக்கியை மடிக்கவும் மூடவும் வைத்தார். இருபது தடவை. இருபதாவது தடவை மூடும்போது பூதத்தானின் முகத்தில் பர்மா தெரிந்தது. இந்தத் தடவை உண்மையான பர்மா.

அறிக்கைப் புத்தகத்தில் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்திட்டார். கிட்டு சார் அதைப் பின்னால் தமிழில் எழுதிப் பின்னறைச் சுவரில் ஒட்டினார்: 'குழல் திருப்திகரம். காவலாளி தொடரலாம். எலுமிச்சை தவிர்க்கவும்.'

வாசலில் கோர்படே என்னிடம் நின்றார். இப்படித் துடைக்க யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். பூதத்தானுக்கு நான், எனக்கு என் மனைவி என்றேன்.

"ஷாபாஷ். அவளிடம் சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். பூதத்தான். முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருந்தார். உடுப்பைக் கழற்றவில்லை. கையில் தூக்குவாளி.

"பேராச்சி குடுத்து விட்டா. இருவது இட்லி. நா ஆட்டுன மாவில்ல, அவ ஆட்டுனது. அதைச் சொல்லச் சொன்னா."

உள்ளே வந்தவர் மெஷினைச் சுற்றி வரவேண்டியிருந்தது. நின்றார். சக்கரத்தைத் தடவினார். விரல் சிவப்பாயிற்று.

"என்ன சார் இது? ஊரான் துப்பாக்கிக்கெல்லாம் வைத்தியம் பாத்திய. வீட்டுல இத இப்படிப் போட்டிருக்கிய?"

கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். துணி கேட்டார். கொடுத்தேன்.

"புளி வேண்டாம்," என்றேன்.

"சத்தியமா இல்ல சார்."

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தார், வட்டம் வட்டமாக. நான் மற்றொரு துணியோடு மறுபக்கம் உட்கார்ந்தேன். சக்கரத்தில் துரு மேலாகத்தான் இருந்தது. ஊசிக் கம்பியில் கொஞ்சம் ஆழம். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன்.

"இது எப்படிப் பிடிச்சுச்சு சார்? வீட்டுக்குள்ளதான இருக்கு."

"ஜன்னல் திறந்திருந்தது. ஜூலையில். நான்கு நாள்."

அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீய. பேராச்சி சொல்லுதாளே, அம்மா கடைசியா... அடுத்த பொறப்புன்னு. அது நெசமா சார்?"

"இல்லை. அது மதினி."

"அவகிட்டச் சொல்லிராதீய. மூணு நா அழுதிருக்கா. வீணாப் போயிரும்."

"சொல்லமாட்டேன்."

"பொறவு என்னதான் சொன்னாவ?"

அன்று நல்ல மழை. வயிற்றுவலி விடியற்காலையில் ஆரம்பித்திருந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து மாடியிலிருந்து இறக்கினார்கள். வாசலில் டாக்ஸி நின்றது. சீட்டில் சாய்த்ததும் என் கையைப் பிடித்து ஒன்று கேட்டாள். சாத்தியாச்சு என்றேன். சாத்தவில்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவோம், வந்து சாத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் சரி என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். சயான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எதுவும் பேசவில்லை. பிறகும் இல்லை.

இதைப் பூதத்தானிடம் சொன்னேன். அவர் துணியை மடித்துச் சக்கரத்தின்மேல் வைத்தார். கோர்படேயின் கண்டிப்போடு கேட்டார்.

"சரியா எப்படிச் சொன்னாவ சார்? அவுக சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன்.

"சன்னலச் சாத்துனியளா? மெஷின் மேல சாரல் அடிக்கும்."